ஒரே மலை, ஒரே காப்பி: ஒருவர் விடுவதும் ஒருவர் விடாததும் எதனால்?

கேள்வி: "ஏற்காட்டில் பக்கத்துப் பக்கத்துக் காப்பித் தோட்டங்கள். ஒருவர் பல வருடமாக விடாமல் செய்கிறார். அடுத்தவர் நான்கைந்து வருடத்திலேயே விற்றுவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறார். வித்தியாசம் மன உறுதிதானா?"

மன உறுதிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரிசையில் அது கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் வருபவை மூன்று: பணம் எந்த மாதத்தில் வருகிறது, பூச்சி எந்த மாதத்தில் பறக்கிறது, செய்த வேலைக்குப் பலன் கிடைத்ததா என்பது செய்தவருக்குத் தெரிகிறதா. மூன்றாவதுதான் ஆளைத் தோட்டத்தில் நிற்க வைப்பது. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

கேட்கும் விதத்தைப் பார்த்தால் உங்களுக்கே அங்கே ஒன்றிரண்டு ஏக்கர் இருக்கும் போலத் தெரிகிறது. நாகலூர்ப் பக்கமோ மஞ்சக்குட்டைப் பக்கமோ அப்பா காலத்து நிலம், சேலத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்குவது. தவறான ஊகம் என்றால் மன்னிக்கவும். அப்படி வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

முதலில் பணம். அராபிகா வகைக் காப்பியை ஆறடிக்கு ஆறடி வைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,200 செடி. ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, சில வாரம் ஆறவிட்டு, மேல்மண்ணும் தொழுவுரமும் போட்டு மூடி, மழை பிடித்த பிறகு நாற்று வைக்க வேண்டும். முதல் காய்ப்பு மூன்றாம் அல்லது நான்காம் வருடம். முழு மகசூலுக்கு ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை களையெடுப்பு, மூடாக்கு, உரம், சிம்பு (தண்டில் முளைக்கும் வேண்டாத தளிர்) எடுப்பது எல்லாமே செலவுக் கணக்கு. கடன் வாங்கி ஏக்கர் முழுவதையும் ஒரே மழையில் நட்டவர் மூன்றாம் வருடம் கையைப் பிசைந்து நிற்பார். தோட்டத்தை விடாமல் நிற்பவரைக் கவனியுங்கள்: ஒரே தடவையில் நட்டிருக்க மாட்டார். வருடத்துக்குக் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று புதுப்பித்திருப்பார். நடுவில் நிழலுக்கென்று வாழை, சில்வர் ஓக் அடியில் மிளகுக் கொடி, வேலியோரம் பலா. மிளகும் காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும்தான். ஆனால் காப்பி விலை படுத்த வருடத்தில் மூட்டை கட்டி வைத்து விற்கலாம், நன்றாகக் காய்ந்த மிளகு கெடாது. பச்சை மிளகு மூன்று கிலோவுக்கு ஒரு கிலோ காய்ந்தது என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் "வசதி இருப்பவன் நிற்கிறான், இல்லாதவன் போகிறான்" என்று சுருக்கிவிடலாமே என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். வசதி முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வசதியுள்ள பெரிய எஸ்டேட்டுகளும் கைமாறியிருக்கின்றன, இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மலையாளி (கேரளத்தார் இல்லை, இந்த மலையின் பழங்குடிகள்) குடும்பங்கள் தலைமுறைகளாக விடாமல் செய்திருக்கின்றன. வசதி மட்டும்தான் காரணம் என்றால் இது எப்படி?

இங்கே ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். 1967-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மையர் என்ற இருவர் நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். என்ன செய்தாலும் நிற்காத மின் அதிர்ச்சிக்குப் பழகிய நாய்களில் பல, பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் தப்பிக்காமல் படுத்துக்கொண்டன. கைவிடுவதை அவை கற்றுக்கொண்டன என்று அப்போது எழுதினார்கள். அதே இருவர் 2016-ல் மூளை ஆய்வுகளைப் பார்த்துவிட்டு அதைத் தலைகீழாக மாற்றிச் சொன்னார்கள்: நீண்ட துன்பத்தில் சோர்ந்து படுப்பதுதான் உயிரின் இயல்பு, "நான் செய்தால் மாறும்" என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் கணக்கில் காப்பித் தோட்டத்தில் விடுவதும் நிற்பதும் இந்த இடத்தில்தான் பிரிகிறது. ஏனென்றால் செய்ததற்குப் பலன் உடனே கண்ணில் படாத பயிர் இது.

அதற்கு உதாரணம் போரர். காகிதத்தில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். ஒல்லியான கறுப்பு வண்டு, இறக்கையில் வெள்ளைக் கோடுகள். ஏப்ரல், மே ஒரு தடவையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு தடவையும் பறக்கும். வெயில் படுகிற தண்டைத் தேடிப் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு முதலில் பட்டைக்கு அடியில் ஊர்ந்து, பிறகு கட்டைக்குள் இறங்கும். மற்ற துளைப்பான்களைப் போல வெளியே தூள் தள்ளாது. தின்ற வழியைத் தன் கழிவாலேயே இறுக அடைத்துக்கொண்டு போகும். அதனால்தான் "நேற்று வரை நன்றாக இருந்த செடி திடீரென்று பட்டுப்போச்சு" என்று பேச்சு. திடீரென்று ஒன்றும் இல்லை. உள்ளே பல மாதமாக நடந்த வேலை அது. ஏழெட்டு வயதுக்கு உட்பட்ட செடி ஒரு வருடத்துக்குள் செத்துவிடும். மூத்த செடி சில வருடம் தாக்குப்பிடிக்கும், காய்ப்பு மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

கண்டுபிடிப்பது இப்படி. வண்டு பறப்பதற்கு முன்னால், அதாவது மார்ச்சிலும் செப்டம்பரிலும், ஒவ்வொரு செடிக்கு முன்னும் குத்தவைத்து உட்கார வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. இலை லேசாக வெளிறித் தொங்கும் செடியை முதலில் பாருங்கள். தண்டை விரலால் கீழிருந்து மேலே தடவினால், புழு போன வழியில் பட்டை வரப்பு மாதிரி மேடு கட்டியிருப்பது கையில் தட்டும். சந்தேகமாக இருந்தால் தண்டைக் கொஞ்சம் வளைக்கலாம், தாக்கிய தண்டு அந்த இடத்தில் படக்கென்று ஒடியும். ஒடிந்த முகத்தில் வட்டமாக, இறுகிய மாவு அடைத்த துளை தெரியும். துளை எது வரை போகிறதோ அது வரை வெட்டியாக வேண்டும். வேருக்குள் இறங்கியிருந்தால் பிடுங்க வேண்டியதுதான். அடிக்கட்டை சுத்தமாக இருந்தால் விட்டுவைக்கலாம், துளிர்த்து வரும்.

வெட்டியதை எரித்துவிடுங்கள். இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுவது. காய்ந்த காப்பிக் கட்டை நல்ல விறகு ஆயிற்றே என்று வீட்டுப் பின்னால் அடுக்கி வைப்பார்கள். புழு அதற்குள் பத்திரமாக வளர்ந்து, பருவம் வந்ததும் வண்டாகி, அடுக்கிய இடத்திலிருந்தே தோட்டத்துக்குப் பறக்கும். உடனே எரிக்க வழியில்லை என்றால் கட்டையைப் பத்து நாள் தண்ணீரில் மூழ்க வைக்கலாம்.

மீதிச் செடிகளுக்கு வண்டு பறக்கும் முன்பே இரண்டு வேலை. உதிர்கிற பழைய பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுப்பது ஒன்று. கத்தி வேண்டாம், பச்சைப் பட்டையில் காயம் பட்டால் வேறு வம்பு. இன்னொன்று சுண்ணாம்பு: 200 லிட்டர் பேரலுக்கு 20 கிலோ தெளிப்புச் சுண்ணாம்பு, துணியில் வடிகட்டி, நடுத்தண்டிலும் தடித்த முதல் வாதுகளிலும் (பக்கக் கிளைகளிலும்) படும்படி. வடிகட்டாமல் ஊற்றினால் நாசில் அடைத்து நாள் போய்விடும். பெருமழையில் கழுவிப் போனால் திரும்பவும் அடிக்க வேண்டும். மருந்து எது என்பதைக் காப்பி வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், பரிந்துரை மாறிக்கொண்டே இருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அக்டோபரில் சுண்ணாம்பு அடித்தவருக்கு நவம்பரில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. போன வருடமே புழு ஏறிய செடிகள் இந்த வருடம் சாகத்தான் செய்யும். இவ்வளவு கூலி கொடுத்தும் சாகிறதே என்று அடுத்த மார்ச்சில் வேலையை நிறுத்திவிடுவார். நிற்பவர் ஒரு நோட்டு வைத்திருப்பார். ஒவ்வொரு பாத்தியிலும் மார்ச்சில் எத்தனை பிடுங்கியது, செப்டம்பரில் எத்தனை. உதாரணத்துக்கு இந்த மார்ச்சில் 60, செப்டம்பரில் 52, அடுத்த மார்ச்சில் 31. செய்கிற வேலை பலிக்கிறது என்பதை அந்த 31 என்ற எண் ஆளுக்குக் காட்டிவிடுகிறது. நோட்டு இல்லாதவர் கண்ணுக்கு 60-ம் 31-ம் ஒன்றுதான்: "இன்னும் செத்துக்கிட்டுத்தான் இருக்கு." உழைப்பு இருவருக்கும் ஒன்று. ஒருவர் பார்த்தார், மற்றவர் பார்க்கவில்லை.

காலி இடத்தில் அந்த மழைக்கே நாற்று வைக்காவிட்டால் இன்னொன்று நடக்கும். செடி போன இடத்தில் வெயில் இறங்கும். வெயில் பட்ட பக்கத்துத் தண்டுக்கு வண்டு வரும். பத்துச் செடி வட்டம் முப்பதாகும். வேகமாக வளருகிறது என்று நிழல் மரமாகச் சில்வர் ஓக்கை மட்டும் நம்பிய தோட்டங்களிலும் இந்தப் பொத்தல்களை அதிகம் பார்க்கலாம். கீழ் நிழலுக்குக் கல்யாண முருங்கை வேண்டும், மேலே பலா, அத்தி மாதிரி நாட்டு மரங்கள் வேண்டும்.

இலைத் துரு என்ற நோயைப் பற்றியும் கொஞ்சம். 1869-ல் இலங்கைக் காப்பியில் தென்பட்டு, அந்தத் தீவையே தேயிலைக்கு மாற்றிய பூஞ்சை அது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காப்பி இன்றும் இங்கே பயிராக நிற்கிறது என்றால், காரணம் ரகம் மாற்றியதும் போர்டோக் கலவை என்ற பூஞ்சை மருந்தும். அந்தக் கலவைக்கு 200 லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), தனியாகக் கரைத்த சுண்ணாம்பு, பிளாஸ்டிக் பேரல். கலந்த பிறகு இரும்புக் கத்தியை முக்கி எடுங்கள். செம்புக் கறை படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். கலந்த அன்றே அடித்து முடிக்க வேண்டும்.

அடுத்து, ஆளை விரட்டுவது நல்ல வருடம். கெட்ட வருடத்தைவிட இதுதான் ஆபத்து. அராபிகா போன வருடம் வளர்ந்த வாதில்தான் இந்த வருடம் காய்க்கும். பூ மழை (பூக்க வைக்கும் மழை) ஒழுங்காகப் பெய்து, மறு மழையும் (பூத்த பிறகு வரும் மழையும்) கிடைத்து, கொத்துக் கொத்தாகக் காய்த்துவிட்டால் செடியின் சத்தெல்லாம் காய்க்குப் போகும், புது வாது வராது. அடுத்த வருடம் பாதி காய்ப்பு. உரம் குறைந்திருந்தால் நுனி கருகல் வேறு. நல்ல வருடத்தில் வந்த பணத்தில் மாடி கட்டத் தொடங்கியவர் அடுத்த வருடம் "இந்தப் பயிரை நம்ப முடியாது" என்று புரோக்கருக்குப் போன் செய்வார். நிற்பவர் இரண்டு வருடத்தைச் சேர்த்து இரண்டால் வகுத்துத்தான் வருமானம் என்று எழுதுவார். பறிப்பு முடிந்த உடனே கவாத்து (வேண்டாத கிளைகளை வெட்டுவது), நல்ல வருடத்திலேயே உரத்துக்கு ஒரு பங்கை ஒதுக்குவது, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மண் பரிசோதனை பார்த்துச் சுண்ணாம்பு இடுவது. புளிப்பு மண்ணில் போட்ட உரம் செடிக்கு முழுதாகச் சேராது.

விலையும் இப்படித்தான். 2001 வாக்கில் உலகச் சந்தையில் காப்பி விலை தரையில் கிடந்தது. 2025 தொடக்கத்தில் அராபிகா அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. பல பத்தாண்டு நிற்கக்கூடிய செடியை மூன்று வருட விலையைப் பார்த்துப் பிடுங்கியவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் பள்ளிக்கூட ஃபீஸ் காத்திருக்காது. ஆனால் அந்தக் காலத்தில் நின்றவர்களிடம் மிளகு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலையில் அரை ஏக்கரைப் பத்தாகப் பிரித்து, வளைவு வைத்து, "காப்பித் தோட்ட மனை" என்று விற்கிறார்கள். மனைக்கு நாற்பது செடி, வருடத்துக்கு இவ்வளவு வருமானம் என்று வீடியோ வேறு. ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ காப்பிக்கொட்டை என்ற கணக்குகூட அந்த வீடியோவில் வராது. வாங்கியவர் இரண்டு தடவை வந்து படம் எடுத்துவிட்டுப் போவார். கவனிக்காத அந்த நாற்பது செடியில் வளர்கிற வண்டு பக்கத்துக்காரர் தோட்டத்துக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவிலும் காரை நிறுத்திப் படம் எடுப்பவர்களைப் பற்றி வேறொரு பதிலில் திட்டிக்கொள்கிறேன்.

கடைசியாக, விடுவது சரியான முடிவாகவும் இருக்கலாம். நிலம் 1,000 மீட்டருக்குக் கீழே இருந்தால் அராபிகாவோடு மல்லுக்கட்ட வேண்டாம். பறிப்புக் காலத்தில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று, மூன்று நான்கு சுற்று பழுத்ததை மட்டும் பறிக்க ஆள் கிடைக்காது, நீங்களும் வந்து நிற்க முடியாது என்றாலும் அப்படியே. காயும் பழமும் சேர்த்து உருவிப் பறித்த மூட்டைக்கு வியாபாரி கொடுக்கும் விலையில் உரச் செலவுகூடத் தேறாது. அப்படிப்பட்ட இடத்தில் நிழல் மரங்களை வைத்துக்கொண்டு மிளகை மட்டும் கவனியுங்கள். மரம் வெட்டும் எண்ணம் இருந்தால் வனத்துறையில் அனுமதி கேட்காமல் அரிவாளை எடுக்க வேண்டாம். நிலம் மேலே இருக்கிறது, மாதத்துக்கு இரண்டு நாள் முழுதாக ஒதுக்க முடியும் என்றால், அடுத்து வருவது மார்ச்சோ செப்டம்பரோ, ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட்டும் வாங்கிக்கொண்டு போய், பாத்தி முனைகளில் எண் போடுவதில் தொடங்குங்கள். முதல் தடவை ஓர் ஏக்கரை ஒழுங்காகத் தடவிப் பார்க்க இரண்டு ஆளுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும், அதற்குத் தகுந்த மாதிரி லீவு போடுங்கள்.