ரக்மேன் ஒருவரின் ஆட்ட வாழ்க்கை எப்படிப்பட்டது?
ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் ரக்மேனின் வேலை என்ன, அவருடைய ஆட்ட வாழ்க்கை எப்படி அமையும் என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவர் பந்தை மேலெழுப்பும்போது, எதிரணி நெட்டையருடன் மோதியபடி எம்பி, அதைத் தம் அணியினரிடம் தட்டிவிடுபவரே ரக்மேன்.

அப்படிப்பட்ட ஒரு ரக்மேன் ஜிம் ஸ்டைன்ஸ். டப்ளினில் அயர்லாந்தின் கேலிக் (Gaelic) கால்பந்து ஆடிய அவர், 1984இல் மெல்போர்ன் அணிக்கு வந்து, முட்டை வடிவப் பந்தையே புதிதாகப் பழகியவர். 1987இல், இறுதிக்கு முந்தைய ஆட்டத்தின் கடைசி நொடிகளில், உதைக்கவிருந்த ஹாதார்ன் வீரர் கேரி பக்கனாராவுக்கு முன்னால் விதியை மறந்து குறுக்கே ஓடினார். அதற்குத் தண்டனையாகப் பக்கனாரா 15 மீட்டர் முன்னேறி, சைரன் ஒலித்தபின் உதைத்த கோலால் மெல்போர்ன் 2 புள்ளிகளில் தோற்றது. அதே ஸ்டைன்ஸ்தான் 1991இல், பருவத்தின் சிறந்த, நேர்மையான வீரருக்கு வழங்கப்படும் பிரவுன்லோ பதக்கம் வென்றார். 1998 வரை இடைவிடாமல் 244 ஆட்டங்கள் ஆடினார். மோதலே தொழிலான இடத்தில், பதக்கத்தைவிட இதுவே பெரிது என்பேன். 2008இல் மெல்போர்ன் அணிச் சங்கத்தின் தலைவரான அவர், 2012இல் புற்றுநோயால் மறைந்தார்.