டெல்டாவில் ஒரு தெருவே ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போடுவது ஏன்? சாதியா, காசா?

நீங்கள் வெளியூரிலிருந்து வேலை மாறி வந்து இங்கே வாடகைக்கு இருப்பவர் என்று நினைக்கிறேன். உள்ளூர்க்காரர்கள் இதை இரண்டே காரணத்துக்குள் அடைத்துக் கேட்க மாட்டார்கள். நான் திருத்துறைப்பூண்டி பக்கம். எங்கள் தெரு விவசாயத் தொழிலாளர் தெரு.

சாதி இல்லை என்று சொல்லவரவில்லை. தெருவே சாதிப்படிதானே பிரிந்து கிடக்கிறது. ஆனால் சாதி மட்டும்தான் என்றால், 1940-களில் இங்கே பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டிய பி.சீனிவாசராவை எங்கள் தாத்தாக்கள் நம்பியிருக்கவே மாட்டார்கள். அவர் கன்னட பிராமணர். தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்று சேரிக்குள் வந்து உட்கார்ந்து பேசினார். செங்கொடி அப்படித்தான் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். கூலி உயர்வு கேட்டதும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். மிராசுதார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியில் 1971, 1977-ல் ஜெயித்த கம்யூனிஸ்ட் கட்சிதான் 2019, 2024-லும் ஜெயித்தது. கூட்டணி பலம் என்பீர்கள், சரி. ஆனால் கூட்டணியில் இந்தத் தொகுதியை அவர்களுக்கு ஏன் விட்டுக்கொடுக்கிறார்கள் என்றும் யோசியுங்கள்.

எங்கள் வீட்டிலேயே ஒரே சின்னம் கிடையாது. அப்பா செங்கொடி. அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, உதயசூரியன். அதற்குக் காரணம் ஒரு மனைப்பட்டா. அதுவரை குடிசை நின்ற இடம் மிராசுதாருடையது. கூலியைப் பற்றி வாயைத் திறந்தால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்பார்கள். குடியிருக்கும் மனை அதில் குடியிருப்பவருக்கே சொந்தம் என்று 1971-ல் சட்டம் வந்தது. அந்தக் காகிதத்தை அப்பாயி பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு தகரப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருக்கும். 2018-ல் கஜா புயலில் கூரை பறந்தபோது அப்பாயி முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது அந்தப் பெட்டியைத்தான்.

2021 சட்டமன்றத் தேர்தலுக்கு அக்கா மகன் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். பனியன் கம்பெனி வேலை. சாப்பிடும்போது, "மாமா, அம்பது வருஷத்துக்கு முன்னாடி குடுத்த பட்டாவுக்கு நான் இன்னும் எத்தனை தேர்தலுக்கு வட்டி கட்டுறது?" என்று கேட்டுவிட்டான். அப்பாயிக்குக் கோபம். "ஒன்னைய யாருடா கட்டச் சொன்னா? எனக்கு மனை குடுத்தவங்களுக்கு நான் போடுறேன். ஒனக்கு யாரு என்ன குடுத்தான்னு பாத்து நீ போடு." அந்தத் தேர்தலில் கூட்டணி சார்பில் எங்கள் தொகுதியில் கம்யூனிஸ்ட் கட்சியின் கதிர் அரிவாள்தான் நின்றது, மெஷினில் சூரியனே இல்லை. அப்பாயிக்கு அதில் பெரிய மனக்குறை. ஆனாலும் போட்டது. பையன் வேறு கட்சிக்குப் போட்டான். அவன் செய்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. சாணிப்பாலை அவன் கதையாகத்தான் கேட்டிருக்கிறான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஊரில் வேலை இல்லை என்பதுதான். தெரு ஓட்டு உடைவது இப்படித்தான்.

இப்போது காசு. 2016-ல் பணப் பட்டுவாடாவால் தஞ்சாவூர் தொகுதித் தேர்தலையே ரத்து செய்து, நவம்பரில் நடத்தினார்கள். எங்கள் தெருவுக்கும் கவர் வரும். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு தன் சின்னத்துக்கே குத்துகிறவர்கள்தான் அதிகம். இதை நியாயம் என்று சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் ஓட்டுக்குக் காசு வாங்குகிறோம் என்று எங்களைத் திட்டுகிறவர்கள், நெல்லை விற்க நாங்கள் காசு கொடுப்பதை ஏன் எழுதுவதில்லை? குத்தகை நிலத்தில் விளைந்த சம்பா நெல்லை ஒரு கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவைத்துக் காத்துக்கிடந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்றார்கள். காயவைத்தோம், திரும்ப மழை. தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைவிட ஆரம்பித்தது. கடைசியில் மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வைத்த பிறகுதான் எடை போட்டார்கள். எந்த ஆட்சியிலும் இது நின்று நான் பார்த்ததில்லை.

கேள்விக்கு வருகிறேன். தேர்தல் முடிந்ததும் படிவம் 20 என்று பூத் வாரியாக முடிவு வெளியிடுவார்கள். உங்கள் பகுதியில் ஒரு பூத்தை எடுத்துக்கொண்டு, அந்தத் தெருவில் வயதானவர்கள் யாரிடமாவது, மனைப்பட்டா எந்த வருஷம் வந்தது, யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.