சண்டை, பாட்டு எதுவும் இல்லாத பழைய நீதிமன்றப் படங்கள் ஏன் இன்றும் நம்மைக் கட்டிப்போடுகின்றன?

நீதிமன்றப் படம் என்றால், ஒரு வழக்கின் விசாரணையே கதையாக நகரும் படம். அதன் ஈர்ப்புக்கு முக்கியக் காரணம், அது நம்மையும் தீர்ப்புச் சொல்ல உட்கார வைத்துவிடுகிறது என்பதுதான். வீட்டில் இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு வந்தால், பெரியவன் சொல்வதைக் கேட்டதும் அவன் பக்கம் நியாயம் என்று தோன்றும். அப்புறம் சின்னவன் பேசுவான், மனம் மாறிவிடும். அதே தடுமாற்றம்தான் இங்கேயும்.

1957இல் சிட்னி லூமெட் இயக்கிய அமெரிக்கப் படமான ‘12 ஆங்ரி மென்’ எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். தந்தையைக் கொன்றதாக ஒரு இளைஞன் மீது வழக்கு. பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் சாதாரண மக்களின் குழு, ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும். முதல் வாக்கெடுப்பில் பதினொரு பேர் ‘குற்றவாளி’ என்கிறார்கள், ஒருவர் மட்டும் ‘பேசிப் பார்க்கலாமே’ என்கிறார். கொலைக் கத்தி மாதிரி இன்னொன்று கிடைக்கவே கிடைக்காது என்று மற்றவர்கள் அடித்துச் சொல்லும்போது, அவர் பையிலிருந்து அதே மாதிரிக் கத்தியை எடுத்து மேசையில் குத்துவார். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

கிட்டத்தட்ட முழுப்படமும் ஒரே அறையில்தான். போகப்போக கேமரா கீழே இறங்கிக்கொண்டே வரும், அறை சுருங்குவதுபோல் நமக்கும் புழுக்கம் ஏறும்.

அந்த இளைஞன் நிரபராதி என்று படம் நிரூபிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது காட்டுகிறது.