கொல்லையில் அமரும் பறவைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை, கொய்யா, நாரத்தை மரங்கள் இருக்கின்றன. அங்கு வரும் பறவைகளைப் படமெடுப்பதற்காக 70-300 மி.மீ. லென்ஸ் ஒன்று வாங்கினேன். நான் நெருங்கியதும் அவை பறந்துவிடுகின்றன. கிடைத்த படங்களிலோ வெளுத்த வானத்தின் முன் கறுத்த உருவம்தான் தெரிகிறது. கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கலாமா? நாரத்தையில் தையல்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. மறைக்கும் இரண்டு இலைகளை மட்டும் கிள்ளிவிட்டு அதைப் படமெடுக்கலாமா?

வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில், பறவையை நோக்கி நடப்பதை விட்டுவிடுங்கள். அது எந்தக் கிளையில் வந்து அமரும் என்பதைச் சில நாட்கள் கேமரா இல்லாமல் கவனித்து, அந்தக் கிளைக்கு எதிரே அது வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். கரிச்சானும் பச்சைப் பஞ்சுருட்டானும் ஒரு கிளையிலிருந்து பறந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்புகிறவை என்பதால், புதிதாகப் படமெடுப்பவருக்கு அவற்றைவிட நல்ல தொடக்கம் இல்லை. பஞ்சுருட்டான் தேனீயைப் பிடித்தால் உடனே விழுங்குவதில்லை. கிளையில் மாறிமாறி அறைந்து, கொடுக்கு இருக்கும் பக்கத்தைத் தேய்த்து நஞ்சை வெளியேற்றிய பிறகே விழுங்கும். அந்தச் சில நொடிகள் உங்களுக்குப் போதும்.

உருவம் கறுத்துப்போவதற்குக் காரணம், வானத்தின் வெளிச்சத்தைக் கண்டு கேமரா ஒட்டுமொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடுவதுதான். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ கேமராவில் உள்ள எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 அளவுக்கு ஏற்றினால் இறகின் நிறம் ஓரளவு மீளும். ஆனால் மாடிப்படியிலோ சன்னலோரத்திலோ பறவையின் கண் மட்டத்துக்கு நீங்கள் வந்து, வானத்துக்குப் பதிலாகத் தொலைவில் உள்ள தோப்பையோ நிழல் விழுந்த சுவரையோ பின்னணியாக்கிக்கொள்வதே சரியான தீர்வு; பின்னணி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு அது மங்கி, பறவை தனித்துத் தெரியும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் காலைப்பொழுது நல்லது. அமர்ந்திருக்கும் சிறு பறவையும் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்குமாதலால், 300 மி.மீ. நீளத்தில் ஷட்டர் வேகம் விநாடியில் 500-இல் ஒரு பங்குக்குக் குறைய வேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 1600 வரை போனாலும் தயங்காதீர்கள். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். வால் நுனி மங்கலாக இருப்பதைப் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், கண் மங்கினால் படமே போயிற்று.

பறவைகளை அழைக்க வேண்டுமென்றால் தண்ணீர் வையுங்கள். ஆழமில்லாத மண்தட்டு ஒன்றைப் புதரிலிருந்து சற்றே தள்ளி வைத்தால், பதுங்கி வரும் பூனையைப் பறவை முன்பே பார்த்துவிடும், பறந்து ஒதுங்கவும் கிளை இருக்கும். கொசு முட்டையிடாதபடி நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள். தட்டின் அருகே காய்ந்த குச்சி ஒன்றை நட்டுவைத்தால் சின்னானும் தவிட்டுக்குருவியும் முதலில் அதில் அமர்ந்து, சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் குளிக்க இறங்கும்.

குரலை ஒலிக்கவிடுவது வேண்டவே வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டதென்று நம்பி, இரை தேடுவதையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அந்தப் பறவை அலைவதைப் பார்த்திருக்கிறேன். நம் ஒரு படத்துக்காக அதை அந்தப் பாடு படுத்த நமக்கு உரிமையில்லை.

கூட்டை மறைக்கும் இலைகளைக் கிள்ளுவதும் அப்படித்தான். உங்களுக்கு இடைஞ்சலாகத் தெரியும் அந்த இரண்டு இலைகள்தாம் குஞ்சுகளுக்கு வெயில் மறைப்பு. காக்கையின் கண்ணில் படாமல் காப்பவையும் அவையே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டைக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வதையும் வேட்டை என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. தையல்சிட்டு ஏறக்குறைய 12 நாட்கள் அடைகாக்கும். பொரித்த பின் சுமார் இரண்டு வாரங்களில் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேறிவிடும். அதுவரை அந்த மரத்தின் பக்கம் கேமராவைக் கொண்டுபோகாதீர்கள். வெளியே வந்த குஞ்சுகள் உடனே பிரிந்து போய்விடுவதில்லை. குட்டை வாலோடு கிளையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் அவற்றுக்குத் தாயும் தந்தையும் இன்னும் சில நாட்கள் புழு கொண்டுவந்து ஊட்டும். அப்போது சன்னலுக்குப் பின்னால் நின்று தாராளமாகப் படமெடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்