விபத்து நேர ரேடியோ பதிவுகள்: கேள்வி பதில்

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விபத்து நேரத்து கன்ட்ரோலர், பைலட் பேச்சுப் பதிவுகளைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ரமேஷ்: சார், யூடியூபில் வருவதெல்லாம் கறுப்புப் பெட்டி ஆடியோதானே?

பெரும்பாலும் இல்லை. கறுப்புப் பெட்டியின் குரல் பதிவு காக்பிட்டுக்குள், அதாவது விமானி அறைக்குள் நடக்கும் எல்லாப் பேச்சையும், எச்சரிக்கை மணிகளையும் பிடிக்கும். அமெரிக்காவில் விசாரணை வாரியம் அந்த ஒலியை வெளியிடச் சட்டம் இடம் தராது. எழுத்து வடிவம்தான் கிடைக்கும். நீங்கள் கேட்பது ரேடியோ பேச்சு. பைலட் பட்டனை அழுத்திப் பேசியது மட்டும்தான் அதில் இருக்கும். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் ரகசியக் குறியீடு எதுவும் இல்லாமல் போகிற பேச்சு அது. தகுந்த ரிசீவர் இருந்தால் யார் காதிலும் விழும். அதனால்தான் வெளியே வந்துவிடுகிறது.

கவிதா: அப்படியானால் ரேடியோவை மட்டும் கேட்டு என்ன நடந்தது என்று சொல்ல முடியுமா?

முடியாது. ஏன் முடியாது என்பதற்கு அவியங்கா 52 என்ற விமானத்தின் விபத்து ஒன்றே போதும்.

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு வந்த போயிங் 707. வானிலை மோசம், நெரிசல் வேறு. மூன்று இடங்களில் வட்டமடிக்க வைத்ததில் மொத்தம் ஒரு மணி நேரம் பதினேழு நிமிடம் போய்விட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டே வருகிறது. இன்னும் ஐந்து நிமிடம்தான் காத்திருக்க முடியும் என்கிறார் துணை விமானி. முன்னுரிமை வேண்டும் என்றும் கேட்கிறார். ஆனால் 'அவசரநிலை' என்றோ, உயிராபத்தில் சொல்லும் உதவி அழைப்பான 'மேடே' என்றோ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முதல் முறை இறங்க முயன்று முடியாமல் மறுபடி மேலே ஏறும்போது, கன்ட்ரோலர் கொடுத்த உயரத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அதோடு சேர்த்து எரிபொருள் தீர்கிறது என்கிறார். பதினைந்து மைல் வெளியே கொண்டுபோய்த் திருப்புகிறேன், உங்கள் எரிபொருளுக்கு அது சரிப்படுமா என்று கன்ட்ரோலர் கேட்கிறார். சரிப்படும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி என்று பதில் போகிறது.

இதை மட்டும் கேட்டால், கொஞ்சம் அவசரத்தில் இருக்கும் ஒரு விமானம், அவ்வளவுதான். அன்று இரவு எல்லா விமானமும் அவசரத்தில்தான் இருந்தது. ஆனால் காக்பிட் பதிவில் வேறு கதை. நாம் அவசரநிலையில் இருக்கிறோம் என்று அவர்களிடம் சொல் என்று கேப்டன் ஸ்பானிஷில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சொல்லிவிட்டேன் என்கிறார் துணை விமானி. சொன்னாரா? அவர் வரைக்கும் சொல்லிவிட்டார். கன்ட்ரோலர் வரைக்கும் சொல்லவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்று, லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற இடத்தில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை, பிடிக்க எரிபொருளே இல்லை.

அந்த கன்ட்ரோலரைத் திட்டிக் கமெண்ட் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் குரலை, அந்தத் தொனியில், பத்து விமானங்களுக்கு நடுவே கேட்டுப் பாருங்கள்.

பாலமுருகன்: அண்ணா, சாகப்போகிற நேரத்திலும் பைலட்டுகள் எப்படி அவ்வளவு அமைதியாகப் பேசுகிறார்கள்?

ஒன்று, பயிற்சி. விமானத்தைப் பறக்க வை, வழி பார், அப்புறம்தான் பேசு என்பது அவர்களுக்குப் பாலபாடம். பேச்சுக்குக் கடைசி இடம். இரண்டு, கை நிறைய வேலை இருப்பவனுக்குப் பயப்பட நேரம் கிடைப்பதில்லை.

1989 ஜூலை 19, யுனைடெட் 232-ஐக் கேளுங்கள். வால் எஞ்சின் சிதறியதில் விமானத்தைத் திருப்ப உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போய்விட்டன. மீதி இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் விமானத்தைத் திருப்புகிறார்கள். அமெரிக்காவின் சூ சிட்டி விமான நிலைய கன்ட்ரோலர், எந்த ரன்வேயிலும் இறங்கலாம் என்று அனுமதி தருகிறார். ரன்வேயாகவே இருக்க வேண்டும் என்கிறீர்களா என்று சிரிக்கிறார் கேப்டன் ஆல் ஹேன்ஸ். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தச் சிரிப்பை எனக்கு விளக்கத் தெரியாது.

ஷாலினி: டெனரிஃப் விபத்தில் ஒரு கீச்சுச் சத்தம்தான் காரணம் என்கிறார்களே?

காரணங்களில் ஒன்று. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரிஃப் தீவு, மூடுபனி, ஒரே ரன்வேயில் கேஎல்எம், பான் ஆம் என்ற இரண்டு நிறுவனங்களின் 747 விமானங்கள். கிளம்பப்போவதாகக் கேஎல்எம் சொன்னதும் கன்ட்ரோலர் 'ஓகே' என்கிறார். ஒரு சிறு இடைவெளி விட்டு, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்கிறார். அதே நொடியில் பான் ஆம், நாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம் என்று பேச, இரண்டு ஒலிபரப்பும் மோதிக்கொண்டன. கேஎல்எம் காக்பிட்டில் தெளிவாக விழுந்தது அந்த 'ஓகே' மட்டும். மீதி கீச்சொலி. ஆனால் அதற்குப் பிறகும், ரன்வேயை விட்டு விலகியதும் சொல்கிறோம் என்று பான் ஆம் பேசியது தெளிவாகவே கேட்டது. ஃபிளைட் எஞ்சினியர் சந்தேகப்பட்டும் கேட்டார். கேப்டன் நிறுத்தவில்லை. இரண்டும் மோதி 583 பேர் இறந்தார்கள். இன்று 'டேக்-ஆஃப்' என்ற வார்த்தையை அதற்கான அனுமதியைக் கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே கன்ட்ரோலர் சொல்வார். மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'.

முருகேசன்: சர்க்கி தாத்ரி விபத்தில் டெல்லி கன்ட்ரோலர் மீது தப்பு உண்டா?

பேச்சுப் பதிவைப் பார்த்தால் அவர் மேல் குறை சொல்ல இடமில்லை. 1996 நவம்பர் 12, டெல்லிக்கு அருகே இரண்டு விமானங்கள் நடுவானில் மோதிய விபத்து அது. சவூதி விமானத்துக்கு 14,000 அடி, கசாக் விமானத்துக்கு 15,000 அடி. எதிரே சவூதி 747 வருகிறது, கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று தூரத்தையும் உயரத்தையும் சொல்லி எச்சரித்தார். கசாக் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே வந்துவிட்டது. அன்றைய டெல்லி ரேடாரில் உயரம் தெரியாது. பைலட் சொல்வதுதான் கணக்கு. 349 பேர் இறந்தார்கள், இரண்டு விமானத்திலும் ஒருவர் மிஞ்சவில்லை. மோதலைத் தவிர்க்கும் எச்சரிக்கைக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது இதற்குப் பிறகுதான்.

நிஷா: அகமதாபாத் ஏர் இந்தியா விபத்தின் கடைசிப் பேச்சு என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?

2025 ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கையில் பைலட்டின் ரேடியோ பேச்சாக இருப்பது மூன்று முறை 'மேடே', அவ்வளவுதான். கன்ட்ரோலர் அழைப்புப் பெயரைக் கேட்டார், பதில் வரவில்லை. அதற்கு மேல் நீளமாக வசனம் வந்தால் நம்பாதீர்கள்.

தேவி: இதையெல்லாம் கேட்பதே தப்பு என்கிறார் என் கணவர்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அம்மா. பின்னணி இசை போட்டு, அமைதியான இடங்களை வெட்டிவிட்டு, கடைசிக் கூச்சலை மட்டும் வைக்கும் வீடியோக்களை நானும் பார்ப்பதில்லை. அந்த அமைதியை வெட்டினால் கன்ட்ரோலர் எவ்வளவு நேரம் பதிலுக்காகக் காத்திருந்தார் என்பதே தெரியாமல் போகும்.

முதலில் கேட்பதானால் நியூயார்க்கில் ஹட்சன் நதியில் இறங்கிய விமானத்தைக் கேளுங்கள், 2009 ஜனவரி 15. எல்லோரும் பிழைத்ததால் மனம் கனக்காது. கன்ட்ரோலர் பேட்ரிக் ஹார்ட்டன் ஒன்று மாற்றி ஒன்றாக ரன்வே தருகிறார். ஹட்சனில் இறங்குகிறோம் என்று பதில் வந்ததும், மறுபடி சொல்லுங்கள் என்கிறார். நதியில் இறங்கிப் பிழைத்தவர்கள் இல்லை, ஆகவே அந்த பைலட் தன் மரண தண்டனையையே சொல்கிறார் என்று நினைத்ததாக அவர் பிறகு அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு சொன்னார். விசாரணை அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள், இலவசமாகவே கிடைக்கும்.

அருண்: சென்னை விமான நிலைய டவர் பேச்சை வீட்டிலிருந்து ஸ்கேனர் ரேடியோவில் கேட்கலாமா சார்?

வேண்டாம் தம்பி. அமெரிக்காவில் கேட்கலாம், பிரிட்டனில்கூடக் கூடாது. இங்கே உரிமம் இல்லாமல் அந்தக் கருவியை வாங்கி வைத்தால் வம்புதான்.