கொலுசுப் பட்டறையிலிருந்து காபி எஸ்டேட்டுக்கு: கவர் லெட்டரில் என்ன எழுதுவது?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு 3 வருடமாக செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு பார்க்கிறேன். 14 தொழிலாளர்கள், சனிக்கிழமை தோறும் கூலி. டேலி நன்றாகத் தெரியும். ஜிஎஸ்டி விவரங்களை நான் தயார் செய்து கொடுக்க, ஆடிட்டர் தாக்கல் செய்வார். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசுக்கு அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் தேவை என்று விளம்பரம் பார்த்தேன். ‘டேலி, ஜிஎஸ்டி, பி.எஃப். தெரிந்திருக்க வேண்டும், கூலிக் கணக்கு அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை, ரெஸ்யூமேவும் கவர் லெட்டரும் மெயிலில் அனுப்பவும்’ என்று போட்டிருக்கிறார்கள். இதுவரை நெட்டில் எடுத்த ஒரு கடிதத்தையே 20 இடங்களுக்கு அனுப்பினேன். ஓரிடத்திலிருந்தும் பதில் இல்லை. எஸ்டேட் வேலை எனக்குத் தெரியாது, பி.எஃப். பார்த்ததில்லை. விண்ணப்பிக்கலாமா? என்ன எழுதுவது?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: தாராளமாக விண்ணப்பியுங்கள். நீங்கள் இணைத்திருந்த பழைய கடிதத்தையும் படித்தோம். ‘தங்கள் மேலான நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விழைகிறேன், நான் கடின உழைப்பாளி, நேர்மையானவள், குழுவாக இணைந்து பணியாற்றக்கூடியவள்’ என்று போகிறது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதில் கொலுசு இல்லை, டேலி இல்லை, கூலி இல்லை. சுருக்கமாக, அதில் நீங்கள் இல்லை. அதே கடிதத்தை ஜவ்வரிசி ஆலைக்கும் அனுப்பலாம், நூற்பாலைக்கும் அனுப்பலாம், லாரி புக்கிங் ஆபீசுக்கும் அனுப்பலாம். அனுப்பியும் இருக்கிறீர்கள். படிப்பவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

கடிதத்தைத் திறப்பவர் எஸ்டேட் மேனேஜராகவோ முதலாளியின் பிள்ளையாகவோ இருப்பார். பெரும்பாலும் போனில்தான் படிப்பார். அவருக்கு வேண்டியது இரண்டு பதில்கள்: இந்தப் பொண்ணுக்கு இந்த வேலை வருமா? வந்தால் நிலைத்து இருக்குமா? முதல் கேள்விக்கு ரெஸ்யூமே பாதி பதில் சொல்லும். மீதிப் பாதியும் இரண்டாவது கேள்வி முழுவதும் கவர் லெட்டரின் பொறுப்பு. ரெஸ்யூமேவில் இருப்பதையே வாக்கியமாக நீட்டி எழுதினால் அது கவர் லெட்டர் ஆகாது.

விளம்பரத்தை ஒரு தாளில் எழுதி, கேட்டிருக்கும் ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் செய்த வேலையை எழுதுங்கள். டேலிக்கு ஒரு வரி போதும். விண்ணப்பிப்பவர்கள் அத்தனை பேரும் அதை எழுதியிருப்பார்கள். உங்கள் சரக்கு இருப்பது கூலிக் கணக்கில். அதை நீங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

பட்டறையில் என்ன நடக்கிறது? வெள்ளியை எடை போட்டுத் தொழிலாளியிடம் கொடுக்கிறீர்கள். கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை போடுகிறீர்கள். சேதாரம் போக எடை சரியாக நிற்கிறதா என்று பார்த்து, வேலைக்கேற்ற கூலியைப் போட்டு, முன்பணம் வாங்கியிருந்தால் கழித்து, சனிக்கிழமை பட்டுவாடா செய்கிறீர்கள். காபி எஸ்டேட்டில் நவம்பர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை அரபிகா பழம் பறிக்கும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பறித்த பழத்தை ஆளுக்கு ஆள் எடை போட்டுக் குறிப்பார்கள். கிலோ கணக்கில் கூலி வரும். மற்ற மாதங்களில் மஸ்டர் எனப்படும் வருகைப் பதிவை வைத்து நாள் கூலி. பழம் கொட்டையாகும்போது எடை இறங்கும். 5, 6 கிலோ பழத்துக்கு ஒரு கிலோ காபிக் கொட்டைதான் தேறும். ஆகவே பறித்த எடை, பல்ப்பிங்குக்கு (பழத்தின் தோலை நீக்குவதற்கு) போன எடை, காய்ந்து குடோனுக்கு வந்த எடை என்று மூன்றையும் ஒத்துப் பார்க்க ஒருவர் வேண்டும். கிராம் கணக்கில் வெள்ளி பார்த்தவருக்கு கிலோ கணக்கில் பழம் பார்ப்பது புதிய வேலையாக இருக்காது. இதை நீங்களே எடுத்துச் சொன்னால்தான் உண்டு. ‘கொலுசுப் பட்டறை’ என்ற சொல்லைப் பார்த்து மேனேஜர் தானாக இந்த முடிச்சைப் போடமாட்டார். கடிதத்தின் நடுப்பகுதி முழுவதையும் இதற்கே கொடுங்கள்.

ஜிஎஸ்டியில் வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘ஜிஎஸ்டி ஃபைலிங் செய்திருக்கிறேன்’ என்று பலரும் எழுதுகிறார்கள். போர்ட்டலில் லாகின் செய்தே இருக்கமாட்டார்கள். நேர்முகத்தில் ‘ஜிஎஸ்டிஆர்-1 மாதாந்திரம் என்றால் என்ன தேதி?’ என்று ஒரே கேள்விதான் வரும். (விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1-க்கு அடுத்த மாதம் 11, வரி கட்டும் சுருக்கப் படிவமான 3பி-க்கு 20.) நீங்கள் செய்தது பில் வாரியாக விவரம் தயாரித்து ஆடிட்டருக்குக் கொடுத்தது. அதை அப்படியே எழுதுங்கள். வெளியூர் ஆடிட்டரை வைத்திருக்கும் எஸ்டேட்டுக்கு அந்த வேலை தெரிந்த ஆள்தான் வேண்டும்.

பி.எஃப். உங்களுக்குத் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் அது பொதுவாகக் கட்டாயமில்லை. உங்கள் பட்டறையில் 14 பேர். இதை ஒளிக்கவும் வேண்டாம், ‘எனக்கு பி.எஃப். தெரியாது, மன்னிக்கவும்’ என்று கெஞ்சவும் வேண்டாம். ஒரு வரியில் உள்ளதைச் சொல்லி, உடனே என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள். அதற்கு ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்தால் போதும்: தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 12 சதவீதம், முதலாளி பங்கும் 12 சதவீதம், முதலாளியின் அந்த 12-இல் 8.33 பென்ஷனுக்குப் போகும். ஒவ்வொருவருக்கும் யுஏஎன் என்று ஒரு நிரந்தர பி.எஃப். எண். மாதா மாதம் இசிஆர் எனப்படும் பி.எஃப். கணக்கு ஃபைலைப் போர்ட்டலில் ஏற்றி 15-ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகுதான் ‘படித்திருக்கிறேன்’ என்று எழுத வேண்டும். கேட்டால் சொல்ல வரவேண்டுமே.

விளம்பரத்தில் எழுதாத ஒரு கேள்வி இருக்கிறது. உங்களைப் போன்ற அடிவாரத்து விண்ணப்பங்கள் பெரும்பாலும் அதில்தான் அடிபடும்: மலை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. கனமழையில் மண் சரிந்து பாதை அடைபடுவதும் உண்டு. பறிப்புக் காலம் தொடங்குவதோ வடகிழக்குப் பருவமழை முடியாதபோது. ‘வீடு அம்மாப்பேட்டை, பொண்ணு தினமும் பஸ் ஏறி வந்து போகுமா, ரெண்டு மாசத்தில் நின்றுவிடுமா?’ என்ற கவலை மேனேஜருக்கு நிச்சயம் இருக்கும். மேலேயே தங்குவதா, தினமும் போய் வருவதா என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு, முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘தங்குமிடம் உண்டா?’ என்று கடிதத்தில் கேட்காதீர்கள். அதை நேர்முகத்தில் கேட்கலாம். இன்னும் முடிவாகவில்லை என்றால் கடிதத்தை இரண்டு நாள் தள்ளி அனுப்புங்கள், தவறில்லை.

விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் கடிதம் போகட்டும். ஆங்கிலத்தில் அனுப்புவதானாலும் முதல் பிரதியைத் தமிழில் எழுதுங்கள். என்ன சொல்ல வருகிறோம் என்பது அப்போதுதான் நமக்கே தெளிவாகும். பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்துக்கு மாற்றலாம். ஏஐ செயலியிடம் கொடுத்துப் பிழை திருத்திக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் நீங்கள் வாயால் சொல்லவே மாட்டாத அலங்காரச் சொற்களை அது போட்டுத் தந்தால் வெட்டிவிடுங்கள். கடிதத்தின் ஆங்கிலமும் நேரில் பேசும் ஆங்கிலமும் இரண்டு ஆட்களுடையதாகத் தெரிந்தால் கடிதத்தில் எழுதிய மற்றதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

உங்களுக்கு இப்படி ஒரு பிரதி பொருந்தும்:

‘மதிப்பிற்குரிய மேனேஜர் அவர்களுக்கு,

தங்கள் எஸ்டேட் அலுவலகத்தின் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். பி.காம். படித்திருக்கிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் 3 ஆண்டுகளாகக் கணக்கு முழுவதையும் டேலியில் நான் பார்க்கிறேன்.

விளம்பரத்தில் கூலிக் கணக்கு அனுபவம் கேட்டிருந்தீர்கள். 14 தொழிலாளர்களுக்கு எடைக்கும் வேலைக்கும் ஏற்ற கூலியைக் கணக்கிட்டு, முன்பணம் கழித்து, வாரந்தோறும் சனிக்கிழமை பட்டுவாடா செய்கிறேன். கொடுத்த வெள்ளி, திரும்பிய கொலுசு, சேதாரம் ஆகியவற்றை அன்றன்றே எடை ஒத்துப் பார்த்துப் பதிவேன். பறிப்புக் காலத்தில் பழ எடையையும் கூலியையும் ஒத்துப் பார்க்கும் வேலைக்கு இந்தப் பழக்கம் உதவும் என்று நம்புகிறேன்.

ஆடிட்டர் தாக்கல் செய்வதற்கான ஜிஎஸ்டி விவரங்களை மாதந்தோறும் தயாரித்துக் கொடுக்கிறேன். பி.எஃப். வேலையை நேரடியாகச் செய்ததில்லை. இசிஆர் தயாரிக்கும் முறையைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

வேலை கிடைத்தால் ஏற்காட்டிலேயே தங்கிப் பணிபுரிவேன். வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறேன். 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சேர முடியும். நேர்முகத்துக்கு எந்த நாளிலும் வரத் தயார்.

இப்படிக்கு,
(பெயர், செல்போன் எண்)’

இதற்கு மேல் நீளம் வேண்டாம். ஆங்கிலத்தில் 200 முதல் 250 சொற்கள் வரும். போன் திரையில் இரண்டு, மூன்று முறை தள்ளினால் முடிந்துவிட வேண்டும். ‘ரெஸ்பெக்டட் சார்’ போடலாமா, ‘டியர் சார்’ போடலாமா என்று நிறையப் பேர் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் இரண்டும் செல்லும். பெயர் தெரிந்தால் பெயரைப் போடுங்கள்; ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் ‘சார் / மேடம்’. அப்பா பெயர், பிறந்த தேதி, சாதி, திருமண விவரம், ‘மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்’ என்ற உறுதிமொழி எதுவும் இதில் வரக்கூடாது. பட்டறையை விட்டு ஏன் வருகிறீர்கள் என்பதையும் எழுத வேண்டாம். கேட்டால் நேரில் சொல்லலாம், முதலாளியைக் குறை சொல்லாமல். சம்பள எதிர்பார்ப்பை விளம்பரத்தில் கேட்டிருந்தால் மட்டும் மாதக் கைச் சம்பளமாக ஒரு தொகையைச் சொல்லுங்கள்.

ஆதார், பான் நகல்களை இந்தக் கட்டத்தில் யாருக்கும் அனுப்பாதீர்கள். பதிவுக் கட்டணம் என்று ஒரு ரூபாய் கேட்டாலும் அது வேலை தரும் இடம் இல்லை.

அனுப்பும் விதத்திலும் பல விண்ணப்பங்கள் கெடுகின்றன. கடிதத்தை மெயிலின் உள்ளேயே எழுதுங்கள். வெற்று மெயிலில் இரண்டு ஃபைலை மட்டும் தொங்கவிட்டால் திறக்க ஆள் இருக்காது. ரெஸ்யூமேவை மட்டும் பிடிஎஃப் ஆக இணையுங்கள், ஃபைலுக்கு உங்கள் பெயரையும் பணியின் பெயரையும் வையுங்கள். ‘ரெஸ்யூமே நியூ ஃபைனல் 2’ என்று போகவேண்டாம். பொருள் வரியில் ‘அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் பணி – பெயர் – 3 ஆண்டு டேலி, கூலிக் கணக்கு’ என்று இருக்கட்டும். பெறுநர் முகவரியைக் கடைசியாக நிரப்புங்கள். ரெஸ்யூமே இணைக்க மறந்து பாதியில் பறந்துபோகாது. 20 கம்பெனி முகவரியையும் ஒரே மெயிலில் போடுவது தற்கொலைக்குச் சமம், ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியும்.

சேலத்தில் சின்ன நிறுவனங்கள் பல வாட்ஸ்அப் எண் மட்டும் கொடுத்து ஆள் கேட்கின்றன. அங்கே இந்தக் கடிதத்தை 5, 6 வரியாகச் சுருக்குங்கள்: எந்த வேலை, இப்போது எங்கே என்ன செய்கிறீர்கள், கேட்டதில் முக்கியமான ஒன்றுக்கு ஆதாரம், எப்போது சேரலாம். அடுத்த மெசேஜில் பிடிஎஃப். முன்பு ஒருவருக்கு அனுப்பியதை அழுத்திப் பிடித்து அப்படியே ஃபார்வேர்டு செய்யாதீர்கள். பழைய நிறுவனத்தின் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். காப்பி செய்து ஒட்டி, நிறுவனத்தின் பெயரை மாற்றி அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம்.

டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு போன்றவற்றுக்கு இந்தப் பாடு தேவையில்லை. இணையப் படிவத்தோடு சரி.

அனுப்பி ஒரு வாரம் பொறுங்கள். பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை போன் செய்து, பெயரும் பணியும் சொல்லி ‘மெயில் வந்ததுங்களா?’ என்று மட்டும் கேளுங்கள். பறிப்புக் காலமாக இருந்தால் மாலை 4 மணிக்கு மேல் கூப்பிடாதீர்கள். அது பழம் எடை போடும் நேரம். மேஸ்திரி, ரைட்டர், மேனேஜர் எல்லோரும் தராசடியில் நிற்பார்கள். காலை 11 மணி வாக்கில் கூப்பிட்டால் ஆபீசில் ஆள் இருக்கும்.