தொப்பூர் இறங்கினவருக்கு டெக்சாஸில் எதற்குக் கோர்ஸ்?

காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். டாலஸ் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. 65 மைல் ரோட்டில் 79-ல் போனதற்கு ஸ்பீடிங் டிக்கெட். ஆபீஸில் எல்லாரும் டிஃபென்சிவ் டிரைவிங் கோர்ஸ் (பாதுகாப்பாக ஓட்டச் சொல்லித்தரும் வகுப்பு) எடுக்கச் சொல்கிறார்களாம். "கிருஷ்ணகிரி – ஓசூர் ரோட்டில் வருஷக்கணக்காக ஓட்டினவன் நான், தொப்பூர் கணவாயையே இறங்கியிருக்கிறேன். ஆறு மணி நேரம் உட்கார்ந்து புதிதாக என்ன கற்கப் போகிறேன்? ஃபைனைக் கட்டிவிடலாமா அண்ணா?"

கட்டாதீர்கள் தம்பி. டெக்சாஸில் ஃபைன் கட்டினால் குற்றவாளி என்று தீர்ப்பானதாகக் கணக்கு. அது டிரைவிங் ரெக்கார்டில் ஏறும், இன்சூரன்ஸ்காரர் கண்ணில் படும். நமக்கு ஏற்கெனவே அங்கே ஓட்டிய வரலாறு கிடையாது, ஊரில் ஓட்டியது பெரும்பாலும் கணக்கில் வராது. புதியவர் என்றே கூடுதலாகக் கட்டுகிறீர்கள், அதன்மேல் இது வேறு எதற்கு?

டிக்கெட்டில் கோர்ட்டுக்கான தேதி இருக்கும். அதற்குள் "நோ கான்டெஸ்ட்" (குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, எதிர்த்து வழக்காடவும் இல்லை) என்று சொல்லி, கோர்ஸ் எடுக்க அனுமதி கேட்க வேண்டும். டெக்சாஸ் லைசென்ஸும் இன்சூரன்ஸ் பேப்பரும் காட்டச் சொல்வார்கள். கோர்ட் கட்டணம் உண்டு, அது திரும்பி வராது. அனுமதி வந்த பிறகே கோர்ஸில் சேருங்கள். 90 நாளைக்குள் சர்டிஃபிகேட்டையும் டிபிஎஸ்ஸில் (லைசென்ஸ் கொடுக்கும் மாநிலத் துறை) வாங்கிய டிரைவிங் ரெக்கார்டையும் கொடுத்தால் டிக்கெட் தள்ளுபடி. இந்தச் சலுகை 12 மாதத்துக்கு ஒரு தடவைதான். வேக வரம்பைவிட 25 மைலோ அதற்கு மேலோ போயிருந்தால் கிடைக்காது. ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும் கட்டுமானப் பகுதியில் மாட்டினாலோ, நிற்கும் ஸ்கூல் பஸ்ஸைத் தாண்டினாலோ அதுவும் கிடையாது. உங்களுடையது 14 மைல்தான், பிழைத்தீர்கள்.

அப்புறம் அந்த "என்ன கற்கப் போகிறேன்" என்ற கேள்வி. நான் பாலக்கோட்டுக்காரன், இப்போது விடுமுறைக்கு இங்கேதான் வந்திருக்கிறேன். நம் ரோட்டில் ஓட்டுவதற்குத் திறமை வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் திறமையில் பாதி அங்கே ஆபத்து. சூளகிரிப் பக்கம் லாரி வலது லேனை விடாது, நாம் இடதில் ஏறிப் போவோம். அந்தப் பழக்கத்தில் அங்கேயும் எந்த லேனில் வழி கிடைத்தாலும் புகுந்து போகத் தோன்றும். எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை அடித்தால் ஊரில் "நான் வருகிறேன், நில்" என்று எடுத்துக்கொள்வோம். அங்கே பல நேரம் "நீ போ" என்று அடிக்கிறார்கள். இரண்டு பேரும் தப்பாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

போலீஸ் நிறுத்தும் விஷயமும் கோர்ஸில் வரும். ஊரில் நிறுத்தினால் இறங்கி, பேப்பரை எடுத்துக்கொண்டு நாமே அவரிடம் நடந்து போவோம், அது மரியாதை. அங்கே அப்படி இறங்கி நடந்தால் அவர் கை துப்பாக்கிப் பக்கம் போகலாம். வலது ஓரம் நிறுத்தி, இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்து, அவர் வரும்வரை உட்கார்ந்திருங்கள். கேட்ட பிறகு, சொல்லிவிட்டு, லைசென்ஸை எடுங்கள். இது ஒன்றுக்காகவே அந்த ஆறு மணி நேரம் தகும் என்பேன்.

அடுத்தது இடைவெளி. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் குறைந்தது மூன்று நொடி என்று சொல்லித் தருவார்கள். நீங்கள் போன 79-ல் வண்டி ஒரு நொடியில் 116 அடி ஓடுகிறது. மூன்று நொடிக்கு ஏறக்குறைய 350 அடி. போனவாரம் தருமபுரி போகும்போது நான் அப்படி இடம் விட்டேன். ஒரு ஷேர் ஆட்டோவும் இரண்டு பைக்கும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன, மச்சான் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. சரி, இங்கே அது செல்லாது. அங்கே செல்லும், முன்னால் இருப்பவர் திடீரென்று பிரேக் போடும்போது.

நாம் ஊரில் பார்த்தே இராதது ஐஸ். பாலத்துக்கு மேலேயும் கீழேயும் குளிர்க்காற்று ஓடுவதால் மற்ற ரோட்டைவிட அதுதான் முதலில் உறையும். பார்த்தால் வெறும் ஈரம்போலத்தான் இருக்கும். 2021 பிப்ரவரி 11 அன்று ஃபோர்ட் வொர்த் ஐ-35டபிள்யூ நெடுஞ்சாலையில் 130-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி 6 பேர் இறந்தார்கள். உங்களுக்கு வெகு தூரமில்லை. அந்த மாதிரிக் காலையில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று சொல்லிவிடுங்கள், மேனேஜருக்கும் புரியும்.

தொப்பூரில் கற்றது வீண் என்று நினைக்காதீர்கள். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். இறக்கத்தில் சின்ன கியர் என்பது உங்களுக்கு ரத்தத்திலேயே உண்டு. கொலராடோ மலைக்குச் சுற்றுலா போனால் டாலஸிலேயே பிறந்தவனைவிட நன்றாக இறங்குவீர்கள்.

ஆன்லைனில் எடுத்தால் சலிப்பாகத்தான் இருக்கும், ஸ்லைடை வேகமாகத் தள்ளவும் விடமாட்டார்கள். இரண்டு மூன்று நாளாகப் பிரித்துப் படியுங்கள். பிறகு அந்தச் சர்டிஃபிகேட்டை வைத்து இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் தள்ளுபடி கேளுங்கள். எல்லாக் கம்பெனியும் தராது, தருகிறவர்களும் கேட்காமல் தரமாட்டார்கள். வீட்டுக்காரம்மாவும் அதே பாலிசியில் ஓட்டுகிறார் என்றால், அவர் கோர்ஸ் எடுத்தால் எவ்வளவு குறையும் என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.